போலோ ஜிடி டிடிஐ 2015, பாண்டி நம்பர்: ஐந்தரை கேட்டால் பேராசையா?

லாஸ்பேட்டை டிடிஐ

வணக்கம். என்னிடம் ஃபோக்ஸ்வாகனின் 2015 போலோ ஜிடி டிடிஐ இருக்கிறது. பிஒய் 01, நான்தான் முதல் ஓனர், 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 1.5 லிட்டர் டீசல், 105 குதிரை, 250 நியூட்டன் மீட்டர் டார்க். ரீமேப் (இன்ஜின் சாஃப்ட்வேரை மாற்றிப் பவர் ஏற்றுவது) கிடையாது, பெரிய வீல் கிடையாது, சர்வீஸ் பில் எல்லாம் ஃபைல் போட்டு வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு முட்டி வலி. தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்து எழ முடியவில்லை, அதனால் உயரமான வண்டிக்கு மாறுகிறோம். இல்லையென்றால் விற்கிற எண்ணமே இல்லை.

ஐந்தரை லட்சம் கேட்கலாம் என்று இருந்தேன். ஊரில் ஒரு கன்சல்டிங்கில் (பழைய கார் வாங்கி விற்கிற கடை) காட்டினேன். பானெட்டைத் திறக்கவே இல்லை. ஆர்சியைப் பார்த்தார், டயரை ஒரு உதை உதைத்தார், "மூணு எண்பது. இன்னைக்கே டோக்கன் போட்டுடலாம்" என்றார். ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டால், பத்து வருஷ டீசல், பாண்டி நம்பர், மாடலே நின்னுபோச்சு என்று அடுக்குகிறார். மூன்றும் உண்மைதான். அதற்காக இவ்வளவு இறங்குமா?

மஞ்சக்குப்பம் மாருதி

இறங்கும் அண்ணே. என் 2014 ஸ்விஃப்ட் டிடிஐஎஸ்ஸை வீட்டு வாசலில் நிறுத்தினாலே "கொடுக்குறீங்களா" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். வெறும் 75 குதிரை, 190 டார்க். ஆனால் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வடலூர் வரை எந்த மெக்கானிக்கிடம் விட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவார். உங்கள் வண்டியைப் பார்க்க வருகிறவன் முதலில் கேட்பது பிக்கப் எப்படி என்று இல்லை, இன்ஜெக்டர் போனால் எவ்வளவு ஆகும் என்றுதான்.

புண்டோ பித்தன்

//75 குதிரை, 190 டார்க்//

அது எங்கள் வீட்டுப் பிள்ளை தம்பி. ஃபியட்டின் 1.3 மல்டிஜெட். மாருதி, டாடா, செவர்லே என்று ஊருக்கெல்லாம் தத்துக் கொடுத்தோம். தத்துப் போன இடத்தில் ராஜா, பெற்ற வீட்டில் கேட்க நாதியில்லை. என் புண்டோ "90 எச்பி" மாடலில் அதே இன்ஜின்தான், டர்போ மட்டும் விஜிடி, வேகத்துக்கேற்ப தன்னை மாற்றிக்கொள்ளும் ரகம். 93 குதிரை, 209 டார்க், ஹைட்ராலிக் ஸ்டீயரிங். கல்பாக்கம் தாண்டி ஈசிஆரில் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விற்கப் போனால் ஸ்விஃப்ட் விலை கனவில்தான். அதனால் விற்கிற பேச்சை நான் எடுப்பதே இல்லை. வாங்க நினைப்பவர்களுக்கு இதைவிடச் சல்லிசான நல்ல டீசல் கிடையாது.

வில்லியனூர் வியாபாரி

கன்சல்டிங் என்றாலே திட்டுகிறீர்கள். நானும் அந்தத் தொழில்தான், கணக்கைச் சொல்கிறேன், அப்புறம் திட்டுங்கள்.

வண்டியை எடுத்தால் டச்-அப், பாலிஷ், இரண்டு டயர், பேட்டரி என்று முப்பது நாற்பதாயிரம் போடாமல் ஷெட்டில் நிறுத்த முடியாது. போட்ட முதல் வட்டிக்கு வாங்கியது. ஸ்விஃப்ட் என்றால் வந்த வேகத்தில் போய்விடும். ஜிடி டிடிஐ மாதக்கணக்கில் நிற்கும். வருகிற பையன்கள் எல்லாம் முள்ளோடை வரை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு "செம வண்டி சார்" என்று சாவியைக் கொடுத்துவிட்டு, அப்பா சொன்னார் என்று ஐ20 வாங்கப் போய்விடுவார்கள். டீசலும் என் காசு.

அப்புறம் ஜிஎஸ்டி. 2025 ஜனவரியிலிருந்து பழைய கார் வியாபாரத்தில் எங்கள் மார்ஜினுக்கு, அதாவது வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு, 18 சதவீதம். அதற்கு முன்னால் இந்தச் சின்ன டீசல்களுக்கு 12தான் இருந்தது. மார்ஜின் 60,000 என்றால் 10,800 அரசாங்கத்துக்கு. நீங்கள் உங்கள் சொந்த வண்டியைத் தனி ஆளாக இன்னொருவருக்கு விற்றால் இந்த வரி கிடையாது. அந்தப் பணம் உங்கள் பேரத்தில் நிற்கும்.

அதைவிடப் பெரிய தலைவலி லோன். பத்து வயது ஆன வண்டிக்குப் பல வங்கிகளில் கடன் கிடைக்காது. முழுப் பணத்தோடு வருகிறவன்தான் வாங்க முடியும். முழுப் பணத்தோடு வருகிறவன் நகத்தால் பெயிண்ட்டைச் சுரண்டிப் பார்த்துத்தான் விலை பேசுவான்.

புதுக் கார் வரி குறைந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள், 1500 சிசிக்குள் இருக்கிற டீசலுக்கு 18 சதவீதம். முன்னே 28, அதன் மேல் செஸ் 3. புதுசு இறங்கும்போது பழசு மட்டும் மேலேயே நிற்குமா?

டார்க் தம்பி

//புதுசு இறங்கும்போது பழசு மட்டும் மேலேயே நிற்குமா?//

எந்தப் புதுசு சார்? அதைச் சொல்லுங்கள். இன்றைக்கு ஷோரூமுக்குப் போய் டீசல் ஹேட்ச்பேக் கேட்டால் ஆல்ட்ராஸ் ஒன்றைத்தான் காட்டுவார்கள். 90 குதிரை, 200 டார்க். நல்ல வண்டி, ஆனால் இந்த வரிசை இல்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்ததும் மாருதி டீசலையே விட்டுவிட்டது. ஸ்விஃப்ட், பலேனோ இரண்டும் அதோடு சரி. போலோ டீசலும் அப்போதே போனது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் கடையைக் கட்டுவதாக அறிவித்தது, ஃபிகோ 1.5 டீசல் போனது. 100 குதிரை, 215 டார்க், ஆளில்லாத ரோட்டில் அது என்ன ஆட்டம் போடும் என்று ஓட்டினவர்களைக் கேளுங்கள். கடைசியாக ஐ20 டீசல், 2023ல்.

ஆக, இந்த ரக வண்டி இனி உற்பத்தியே இல்லை. இருக்கிறதில்தான் பொறுக்க வேண்டும். அதிலும் அடிபடாத, நோண்டாத, பில்லோடு இருக்கிற வண்டி எத்தனை மிஞ்சும்?

என் கணக்கு இதுதான்: இந்த வண்டிகளுக்கு இரண்டு விலை. ஒன்று கன்சல்டிங் விலை. அது வருஷத்தையும் கிலோமீட்டரையும் பார்த்துப் போடுவது, சாதா போலோ 1.2 டிடிஐக்கும் ஜிடி டிடிஐக்கும் பெரிய வித்தியாசம் காட்டாது. இன்னொன்று கிறுக்கன் விலை. வருஷக்கணக்காக இதே வண்டியைத் தேடிக்கொண்டிருக்கிற ஒருத்தன் கொடுப்பது. கோயம்புத்தூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் பஸ் ஏறி வருவான். 2013ல் இது முதலில் வந்தபோது ஷோரூம் விலையே எட்டு லட்சத்தை ஒட்டித்தான். பத்து வருஷம் கழித்து ஐந்து சொச்சம் கொடுக்கிறான் என்றால் அது தேய்மானக் கணக்குக்குள் வராத விலை. கடைக்குக் கொண்டுபோனால் அந்த விலை கிடைக்காது, ஆளைத் தேட வேண்டும்.

மஞ்சக்குப்பம் மாருதி

அந்தக் கிறுக்கன் எப்போது வருவான்? அதுவரை இன்ஷூரன்ஸ் யார் கட்டுவது?

டார்க் தம்பி

வருவான். அவசரப்பட்டால் மட்டும் வரமாட்டான்.

ரெட்டிச்சாவடி

பத்து வருஷ டீசல் என்று பயமுறுத்துவது பற்றி ஒரு வார்த்தை. அந்தத் தடை டெல்லிக்கும் அதைச் சுற்றிய தலைநகர்ப் பகுதிக்கும் உண்டானது. 2015ல் பசுமைத் தீர்ப்பாயம் போட்டது, 2018ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது, 2025ல் அதுவே கொஞ்சம் தளர்த்தியது. பாண்டிக்கும் தமிழ்நாட்டுக்கும் அப்படி ஒன்றும் இல்லை. இங்கே ஆர்சி பதினைந்து வருஷம் செல்லும், அப்புறம் வண்டியைக் காட்டி எஃப்சி (தகுதிச் சான்று) வாங்கி ஐந்தைந்து வருஷமாக நீட்டிக்கலாம். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் காருக்கு 600லிருந்து 5,000 ஆனது, அது ஒரு அடிதான். 2015 வண்டிக்கு 2030 வரை அந்தக் கவலை இல்லை. டயரை உதைத்துவிட்டுப் பத்து வருஷம் என்று சொல்கிறவரிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் அந்தத் தடையால் இன்னொரு வேலை நடக்கிறது. டெல்லியில் வயசான டீசல்கள் என்ஓசி (வேறு ஊருக்கு மாற்றத் தடையில்லாச் சான்று) வாங்கிக்கொண்டு தெற்கே இறங்குகின்றன. விளம்பரத்தில் ஒரு ஜிடி டிடிஐ நம்ப முடியாத விலைக்கு வந்தால் முதலில் ஆர்சியில் ஆரம்பப் பதிவு எங்கே என்று பாருங்கள். வாங்குகிறவர்களும் அந்த விலையை வைத்துத்தான் உங்களிடம் பேரம் பேசுவார்கள்.

நெய்வேலி 140

ப்ரோ, ஒரு ஸ்டேஜ் 1 ரீமேப் போட்டுவிட்டு விளம்பரம் கொடுங்கள். 1.5 டிடிஐ சாதாரணமாகவே 140 தொடும். "140 பிஎச்பி" என்று தலைப்பில் இருந்தால் போன் அடித்துக்கொண்டே இருக்கும்.

முதலியார்பேட்டை ஸ்பேனர்

போன் அடிக்கும் தம்பி. வருகிறவன் எல்லாம் ஒரு ரவுண்டு கேட்பான். வாங்கமாட்டான்.

விவரம் தெரிந்தவன் ரீமேப் என்று கேட்டதும் விலையைக் குறைப்பான். ஏனென்றால் கிளச்சும் டர்போவும் எவ்வளவு அடி வாங்கியிருக்கின்றன என்று பில்லில் தெரியாது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் மாற்றியிருந்தால் கிளெய்ம் நேரத்தில் கையை விரிப்பார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவும் இருக்கிறது. கம்பெனியிலிருந்து வந்தபடி இருக்கிற வண்டிக்குத்தான் கிறுக்கன்கூட அதிகம் கொடுப்பான். ரீமேப் போட வேண்டும் என்றால் அவனே போட்டுக்கொள்வான், அந்த ஆசையை நீங்கள் ஏன் கெடுக்கிறீர்கள்.

நெய்வேலி 140

சரி சரி, விடுங்க.

கெடிலக்கரை

லாஸ்பேட்டை அண்ணா, வண்டி இன்னும் இருக்கிறதா? நான் கடலூர், செம்மண்டலம். டார்க் தம்பி சொல்கிற கிறுக்கன் நான்தான் போல. வீட்டில் சம்மதம் வாங்கிவிட்டேன், ஐந்தரைக்கு இல்லை. இரண்டு சந்தேகம். ஒன்று, ஜிடி ஸ்டிக்கரை ஒட்டி சாதா போலோவை விற்கிறார்கள் என்கிறார்களே, எப்படிக் கண்டுபிடிப்பது? உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகக் கேட்கிறேன். இரண்டு, பாண்டி நம்பரை அப்படியே கடலூரில் ஓட்டலாமா? இங்கே பாதித் தெருவில் பிஒய் வண்டிதான் நிற்கிறது.

முதலியார்பேட்டை ஸ்பேனர்

ஸ்டிக்கர் விஷயம் நிஜம். 1.2 டிடிஐயை ஜிடி என்று விற்றால் கண்டுபிடிப்பது சுலபம். மூன்று சிலிண்டர், 75 குதிரை, ஐடிலில் நிற்கும்போதே கியர் லீவர் நடுங்கும். ஆர்சியில் சிசி 1199 என்று போட்டிருக்கும். சிக்கல் எங்கே என்றால் 2014 ஃபேஸ்லிஃப்ட்டுக்குப் பிறகு சாதா போலோவிலும் அதே 1498 சிசி இன்ஜின், ஆனால் 90 குதிரை, 230 டார்க். சிசியைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஆர்சியில் மாடல் என்ற இடத்தில் ஜிடி என்று இருக்க வேண்டும், முதல் இன்வாய்ஸிலும் இருக்க வேண்டும். இன்வாய்ஸ் தொலைந்துவிட்டது என்றால் சேஸிஸ் நம்பரை எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

அடுத்து எங்கள் கடற்கரை வியாதி. உப்புக் காற்றில் நிற்கிற வண்டிக்கு துரு மேலே தெரியாது. கதவைத் திறந்து கீழ் விளிம்பில், ரப்பருக்கு உள்பக்கம் விரலை ஓட்டிப் பாருங்கள். டிக்கி கீல், ஸ்டெப்னி வைக்கிற குழி, முன் சீட்டுக்கு அடியில் ஓடும் தண்டவாளம், இவற்றில் எல்லாம் டார்ச் அடியுங்கள்.

வெள்ளம் இன்னொன்று. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது பாண்டியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கடலூரில் அடுத்தடுத்த நாளில் தென்பெண்ணை ஏறியது. அன்றைக்குத் தண்ணீரில் நின்ற வண்டிகள் இன்றைக்குப் பளபள என்று விற்பனைக்கு நிற்கின்றன. சீட் பெல்ட்டை மெதுவாக இழுத்துக் கடைசி வரை வெளியே கொண்டுவாருங்கள். மேல் பாதி சுத்தமாக, கடைசி ஒரு முழம் மட்டும் மண் நிறத்தில் கோடு போட்ட மாதிரி இருந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். சீட்டைக் கழுவுகிறவன் பெல்ட்டின் அடிப்பாகத்தை மறந்துவிடுவான். தரை விரிப்புக்கு அடியில் ஒயர் கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்ஜின்: காலையில் போங்கள், வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். பானெட்டில் கை வைத்தால் ஜில்லென்று இருக்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் லேசாக ஆவி வரலாம், புகைவண்டி மாதிரி தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. இது டைமிங் பெல்ட் இன்ஜின். கிலோமீட்டர் மட்டும் கணக்கில்லை, பத்து வருஷத்தில் ரப்பர் தானாகவே முதுமை அடையும். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலையில் கழியுங்கள். ஸ்விஃப்ட், புண்டோ மல்டிஜெட்டில் செயின், அந்தச் செலவு இல்லை.

லாஸ்பேட்டை டிடிஐ

பெல்ட், டென்ஷனர், பம்ப் மூன்றும் போன வருஷம் மாற்றியாகிவிட்டது, பில் இருக்கிறது. ஃபெஞ்சல் அன்றைக்கு வண்டி மேம்பாலத்து மேலே இருந்தது, பாதிப் பாண்டி அங்கேதான் நிறுத்தியது.

வில்லியனூர் வியாபாரி

பெல்ட் பில் இருக்கிறதென்றால் கதை வேறு. அதை முதலிலேயே விளம்பரத்தில் போட்டோ எடுத்துப் போடுங்கள். அது நல்ல இருபதாயிரம் பேசும்.

ரெட்டிச்சாவடி

கெடிலக்கரை தம்பிக்கு: பாதித் தெருவில் நிற்கிறது என்பதால் சரி என்று ஆகிவிடாது. வேறு மாநிலத்தில் பதிவான வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே பதிவை மாற்ற வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவு. பாண்டி ஆர்டிஓவில் படிவம் 28ல் என்ஓசி, இங்கே படிவம் 27ல் புது நம்பருக்கு மனு, பெயர் மாற்றத்துக்கு 29ம் 30ம். லோன் இருந்து முடித்திருந்தால் படிவம் 35 போட்டு ஹைப்போதிகேஷனை (ஆர்சியில் உள்ள வங்கி அடமானக் குறிப்பை) எடுத்துவிட்டார்களா என்று வண்டியைப் பார்க்கப் போகும் முன்னாலேயே எம்பரிவாகன் ஆப்பில் பாருங்கள். தமிழ்நாட்டில் வண்டியின் வயதைப் பொறுத்து ஆயுள் வரி கட்ட வேண்டும். அந்தத் தொகையை ஆர்டிஓவில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, அதை வைத்து விலை பேசுங்கள். பாண்டி நம்பர் என்று கன்சல்டிங்காரர் குறைத்ததில் நியாயமான பகுதி இந்த வரி மட்டும்தான். பாண்டிக்குள்ளேயே வாங்குகிறவருக்கு அதுவும் இல்லை.

புண்டோ பித்தன்

டிடிஐ ஆட்கள் 2015ல் ஃபோக்ஸ்வாகன் புகைச் சோதனையை சாஃப்ட்வேர் வைத்து ஏமாற்றி மாட்டிக்கொண்ட கதையைப் பேசவே மாட்டார்கள் போல. இதே ஈஏ189 குடும்பத்து இன்ஜின்தானே? இந்தியாவில் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேல் வண்டியைத் திரும்ப அழைத்தார்கள்.

டார்க் தம்பி

பேசலாமே. அந்த அப்டேட் போட்ட பிறகு கீழ் ஆர்பிஎம்மில் கொஞ்சம் மந்தமாகிவிட்டது என்று சிலர் சொல்வார்கள், சிலர் ஒன்றும் தெரியவில்லை என்பார்கள். மறுவிற்பனையில் அதற்காக யாரும் ஒரு ரூபாய் குறைத்து நான் பார்க்கவில்லை. உங்கள் புண்டோவுக்கு ஸ்பேர் கிடைக்காமல் தேடிய பானெட் லாக் கிடைத்ததா?

புண்டோ பித்தன்

தேடிக்கொண்டிருக்கிறேன்.

பண்ருட்டி ஃபிகோ

இழையைத் திருப்புவதற்கு மன்னிக்கவும். ஃபிகோ 1.5 டீசல் தேடுகிறேன். பிஎஸ்4 வாங்குவதா, 2020க்குப் பிறகு வந்த பிஎஸ்6 வாங்குவதா? மறைமலை நகரில் ஃபோர்டு திரும்ப வருகிறது என்கிறார்களே, வந்தால் ஸ்பேர் சுலபமாகுமா?

முதலியார்பேட்டை ஸ்பேனர்

மறைமலை நகரில் அவர்கள் ஏற்பாடு செய்வது ஏற்றுமதிக்கான இன்ஜின் தயாரிப்பு. அதை நம்பி ஃபிகோ வாங்காதீர்கள். தவிர, 2015க்குப் பிறகு வந்த ஃபிகோ குஜராத் சனந்தில் செய்தது, மறைமலை நகர் பழைய 2010 ஃபிகோவின் ஊர். சர்வீஸும் ஸ்பேரும் இன்றைக்கும் கிடைக்கிறது, பாடி பார்ட்ஸ்தான் சில சமயம் காத்திருக்க வைக்கும்.

பிஎஸ்6ல் டிபிஎஃப் என்கிற புகை வடிகட்டி இருக்கும். புகைக்கரி அதில் சேரும், அதை எரித்துக்கொள்ள வண்டி நன்றாகச் சூடாகி ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். பண்ருட்டி மார்க்கெட்டுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடினால் விளக்கு எரியும், அப்புறம் செலவுதான். வாரம் ஒருமுறை சென்னையோ திருச்சியோ போகிற ஆள் என்றால் பிஎஸ்6 எடுங்கள், இல்லையென்றால் பிஎஸ்4. விலை குறைவு என்று யாராவது டிபிஎஃப்பை அறுத்து எடுத்த வண்டியைக் காட்டினால் வேண்டவே வேண்டாம். ஃபிகோவிலும் டைமிங் பெல்ட்தான், அந்தப் பில்லையும் கேளுங்கள்.

கெடிலக்கரை

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன், அண்ணா சிரித்தார். சுத்தமான வண்டி. டிக்கிக் கீலில் மட்டும் லேசான துரு, ரியர் பம்பரில் ஒரு மூலை பெயிண்ட். தமிழ்நாட்டு வரியைக் கழித்துப் பேசினோம். 4.90.

டார்க் தம்பி

மூன்று எண்பதுக்கும் இதற்கும் லட்சத்துப் பத்தாயிரம். வியாபாரி சார், கவனிக்கவும்.

வில்லியனூர் வியாபாரி

கவனித்தேன். எனக்கு அந்தக் கிறுக்கனின் போன் நம்பர் இருந்திருந்தால் நானும் நாலரை கொடுத்திருப்பேன்.

இரண்டு பேருக்கும் ஒன்று. பணத்தைக் கட்டாகக் கையில் வாங்காதீர்கள். இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் வாங்கியவருக்கு அதே தொகை அபராதம் என்று வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. பேங்கில் போடுங்கள். லாஸ்பேட்டை சார், உங்கள் என்சிபி (கிளெய்ம் கேட்காததற்கு இன்ஷூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடி) வண்டியோடு போகாது, அது உங்களுடையது. கம்பெனியில் கடிதம் வாங்கிக்கொண்டால் மூன்று வருஷத்துக்குள் புது வண்டிக்குப் பயன்படுத்தலாம், 50 சதவீதம் இருந்தால் நல்ல காசு.

சாவி கொடுக்கிற அன்றைக்கே 29, 30 இரண்டிலும் கையெழுத்து, தேதியோடும் நேரத்தோடும் டெலிவரி நோட்டு. "அப்புறம் மாத்திக்கறேன்" என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2018ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது, விபத்து நடந்தால் ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும்.

லாஸ்பேட்டை டிடிஐ

என்ஓசிக்கு விண்ணப்பித்தாயிற்று. அது கைக்கு வரும்வரை வண்டி என் வீட்டிலேயே நிற்கட்டும் என்று தம்பியும் ஒப்புக்கொண்டார், பாதிப் பணம் வங்கியில் வந்துவிட்டது. இழையை மூடிவிடலாம். பண்ருட்டி நண்பர் ஃபிகோவுக்குத் தனி இழை போடட்டும், நானும் அங்கே வருகிறேன்.